தொண்டை கட்டிய தம்பியும் ஒன்பது வோல்ட்டும்

வாசகரே, சற்று நில்லும். ஒரு வழக்குக்கு நீர் சாட்சியாக வேண்டும். ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஒன்றின் வாசலில் 'வேலைக்கு ஆள் தேவை' என்ற பலகை மூன்று மாதமாகத் தொங்குகிறது. அந்தத் தொழிலை இரண்டாண்டு முறையாகப் பயின்று சான்றிதழும் பெற்ற பெண்ணொருத்தி இருமுறை அந்தப் படியேறினாள். இருமுறையும் முதலாளி சான்றிதழைத் தொடாமலே சொன்னார்: "வீட்டுல அண்ணன் தம்பி இருந்தா அனுப்பும்மா." ஈயம் பற்றவைக்கும் பழுக்கக் காய்ந்த இரும்புக்கே தெரியாத ஆண் பெண் பேதம் அந்தக் கடையின் மேசைக்குத் தெரிந்திருக்கிறது!

இன்று பிற்பகல், அதே கடை இருமுறை பழுதுபார்த்து அனுப்பியும் முனகல் தீராத பக்கத்து வீட்டு ரேடியோ அவள் முன்னால் திறந்து கிடக்கிறது. தம்பியை அனுப்பச் சொன்னவருக்குத் தம்பியையே அனுப்புவதென்று முடிவுசெய்தாள், தொலைபேசி வழியாக. அவளுக்குத் தம்பி கிடையாது. கேளும்.

ஹலோ... ரேடியோ கடைங்களா? முதலாளி அண்ணனா? ... ஆமா, ஆமா, உங்க கடையில ரெண்டு தடவ பாத்த பெட்டிதான். பழுப்புக் கலர்... அதேதான். இன்னும் முனகுது அண்ணே. 'உர்ர்'னு ஒரே இரைச்சல். பாட்டு கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி இருக்கு...

ஆம்பளைங்களா? வீட்டுலயா? ... இருக்கான் அண்ணே, தம்பி இருக்கான். ... குடுக்கலாம், ஆனா அவனுக்குத் தொண்ட கட்டிப்போச்சு. மூணு நாளா பேச்சே வரல. ... இல்ல இல்ல, காது நல்லா கேக்கும். நீங்க சொல்லுங்க, நான் அவன்கிட்ட சொல்றேன். அவன் எழுதிக் காட்டுவான், நான் படிக்கிறேன். ... ஆமா, எனக்குப் படிக்கத் தெரியும்.

... டிரான்ஸ்பார்மர் போச்சா? பெட்டியவே தூக்கிப் போட்டுறவா? ... இருங்க, தம்பி கைய ஆட்டுறான். ... டிரான்ஸ்பார்மர் நல்லாத்தான் இருக்காம். ரேடியோ ஓடும்போதே மீட்டர் வெச்சுப் பாத்தானாம், பன்னெண்டு வோல்ட்டு அசையாம நிக்குதாம். ... ஆமா அண்ணே, வயரக் கழட்டாமதான். சும்மா ஒக்கார வெச்சுப் பாத்தா என்ன தெரியும், வேலை குடுத்துப் பாத்தாத்தானே தெரியும்ங்குறான். ... ஐயோ, நான் சொல்லல அண்ணே! அவன் எழுதியிருக்கான்.

... டயோடு நாலும் பாத்தாச்சாம். நாலும் ஒழுங்கு. ... அதுக்கு அப்புறமா? ஒம்பது. ... ஒம்பதே ஒம்பது. பன்னெண்டு ஏசி டிசியானா பதினஞ்சுக்கு ஏறி நிக்கணும், அந்த எடத்துல ஒம்பது. ... என்னது, பரீட்சையா? கேளுங்க, கேளுங்க, தம்பிக்குப் பரீட்சைன்னா உசுரு. ... ம்... ம்... ஒம்பதும் உர்ரும் ஒண்ணா வந்தா யார் மேல சந்தேகமா? எழுதுறான்... கையெழுத்து கோழி கிண்டுனாப்புல இருக்கு... 'பெரிய கெப்பாசிட்டர் மேல. கரண்டோட மேடு பள்ளத்த நெரவி விடுறது அதுதான். அது வேலைக்கு வரலேன்னா வோல்ட்டு எறங்கும், இரைச்சல் ஏறும்.' ... சரியா? ... டேய் தம்பி, நீ பாஸாம்டா!

... புதுசா? போன மாசம் நீங்களே மாத்தினதா? ... ஆமா, தெரியுது, பளபளன்னு இருக்கு. சுத்தி உங்க பசை. ... ஆமாமா, உங்க கடைப் பசை எங்க இருந்தாலும் தெரியுமே! வேற யாரும் கை வெக்கக் கூடாதுன்னு ஊத்துவீங்களாமே. ... தம்பி சுரண்டிட்டான். ... கோவிச்சுக்காதீங்க. ... அடியில பாத்தா... சொல்லட்டுமா? பக்கத்துல யாரும் இருக்காங்களா? ... வாடிக்கைக்காரங்க நாலு பேரா? கையில வேலைன்னு ஃபோன ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? ... சரி, நீங்களே சொல்லுன்னா சொல்றேன். ஒரு காலுக்கு ஈயமே வெக்கல அண்ணே! ஓட்டைக்குள்ள சும்மா நிக்குது. பசைதான் அதத் தாங்கிப் பிடிச்சிருக்கு. ... யாரு அங்க சிரிக்கிறது?

... இதோ, பிளக்கப் பிடுங்கியாச்சு. ... ஆமா, உள்ள மிச்சம் நின்ன கரண்டையும் எறக்கியாச்சு. ... இரும்பு சூடாத்தான் இருக்கு. ஒரு நிமிஷம்... ம்... ஒரு சொட்டு ஈயம்... ஆச்சு. ... நானா? நான் எங்க வெச்சேன், அவன்தான்... இதோ, பிளக்கச் சொருகுறான்... பதினஞ்சர! பதினஞ்சர அண்ணே! இருங்க, ஃபோன ரேடியோகிட்ட கொண்டுபோறேன்... கேட்டுச்சா? செய்தி வாசிக்கிறவங்க மூச்சு விடுறதுகூடக் கேக்குது!

... தம்பி குரலா? இப்பவேவா? ... இருங்க... க்ஹ்ம்... "வணக்...கம்ண்ணே." ... ஆமா, ரொம்பக் கட்டியிருக்கு, பாவம்.

... வேலையா? அவனுக்கா? ... தனி மேசையா? மீட்டரும் தனியா? ... கைன்னா அதுதான் கையா? ... நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு. சரி. பேச்சு மாற மாட்டீங்களே? ... நாலு பேரு முன்னால சொல்லியாச்சு, ஆமா. ... சான்றிதழா? இருக்கு அண்ணே. ரெண்டு தடவ உங்க மேசைக்கு வந்ததுதான். ... எப்படித் தெரியும், நீங்கதான் தொடவே இல்லையே.

அடையாளமா? ... ஒல்லியா இருப்பான். நீலப் புடவை கட்டியிருப்பான். ... ஹலோ? ... புடவைதான் அண்ணே. தலைய இறுக்கப் பின்னியிருப்பான். ... ஆமா. ஆமா. நான்தான். எனக்குத் தம்பியே கிடையாது. மீட்டர் பிடிச்சதும் நான், ஈயம் வெச்சதும் நான், தொண்ட கட்டினதும் நான். ... ஏமாத்தினேனா? கையப் பாத்துத்தானே வேலை குடுத்தீங்க? அந்தக் கை என்னோடது. ... சத்தம் போடாதீங்க. தம்பி சொன்னப்ப ஒம்பது வோல்ட்டு, நான் சொன்னா மட்டும் பத்தாயிடுமா? ... அங்க நிக்கிற நாலு பேரும் கேட்டீங்கல்ல? ஐயா... அம்மா... நீங்க சொல்லுங்க, நாளைக்கு நான்... ஹலோ? ... ஹலோ?

முதலாளி இணைப்பைத் துண்டித்துவிட்டார். கம்பியைத் துண்டிக்கலாம், நாலு பேர் செவியில் விழுந்த வாக்கை எந்தக் கத்தரியால் துண்டிப்பார்? இப்போது ஐந்தாவதாக நீரும் கேட்டுவிட்டீர். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் மூன்றாம் முறையாக அந்தப் படியேறப் போகிறாள். உம் வீட்டில் முனகிக்கொண்டிருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படும்! அண்டை வீட்டாரையும் எழுப்பி அழைத்து வாரும்! முதலாளி கை நீட்டினால் கொடாதீர். "மேசையை அந்தப் பெண்ணுக்குக் கொடும், பெட்டியை அவளிடம் கொடுப்போம்" என்று உரக்கச் சொல்லும். கொடுக்கும்வரை அந்தப் படியை விட்டு ஓரடியும் நகராதீர்!