கடலைப் பார்த்த வாசல்

இந்தக் கடற்கரை மண்ணின் மூத்த குடிகளுக்கு என் முதல் வணக்கம். அவையை ஆளும் நகரத் தலைவர் பாஸ்கோ அம்மையார் அவர்களே, துறைமுகத்தில் தோள் தேயச் சுமந்த பெரியவர்களே, கைக்குழந்தையோடு கடைசி வரிசையில் நிற்கும் தாய்மார்களே, ஐந்தே நிமிடம் என்று எனக்கு விரல் காட்டும் செயலாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்!

இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்தாண்டில் எழுந்தது நம் போர்ட் ஆல்வின் அரசு மாளிகை. ஏழு மாடி. போன குளிர்காலத்தில் பதினோரு நாளில் இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் நடப்போகும் நினைவுக்கல்லில் என்ன எழுதுவது என்பதே இன்றைய வாக்கெடுப்பு. வாசகம் உங்கள் கையில் இருக்கிறது. கடைசி வரியைப் பாருங்கள்: "நகலெடுத்த பெண்ணின் கவனக்குறைவால் வாசல் தவறான பக்கம் அமைந்தது."

கவனக்குறைவா? அன்பர்களே, கவனக்குறைவா?

பெருந்தெருவுக்கு முதுகைக் காட்டி, கப்பல்துறையைப் பார்த்து நின்றது அந்த வாசல். உண்மை. நாம் கேலி செய்யாத நாள் உண்டா? டாக்கர்ட்டி ஐயா ஏதோ சொல்கிறார். கல்யாணத்தைப் பதியப் போய், வாசலைத் தேடி மழையில் சுற்றியதில் கோட்டு நனைந்துவிட்டதாம். நனைந்த மாப்பிள்ளையையும் கட்டிக்கொண்டாரே உங்கள் மனைவி, அவருக்குத்தான் கல் வைக்க வேண்டும்!

ஆனால், தார் உருகும் நம் ஜனவரிக் கோடையிலும் அந்த அறைகள் குளிர்ந்தனவே, எப்படி? வடக்குச் சுவர் முழுக்க வரிசை வரிசையாய் சிமெண்டுத் தட்டிகள். வெயிலை வெளியிலேயே நிறுத்திய தட்டிகள்.

வரைபடம் லண்டனிலிருந்து வந்தது. அங்கே சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஆகவே தட்டிகளைத் தெற்குச் சுவரில் வரைந்து அனுப்பினார்கள். நாம் இருப்பதோ பூமியின் தென்பாதியில். நம் சூரியன் எந்தப் பக்கம்? சொல்லுங்கள்... வடக்கு! இங்கே தவழும் குழந்தைக்குத் தெரிந்தது, அந்த லண்டன் மேசைக்குத் தெரியவில்லை.

ஒருத்திக்குத் தெரிந்தது. பெயர் மேவிஸ் ட்ரெலோர். வயது பத்தொன்பது. ஊடுருவித் தெரியும் வரைதுணியில் மையால் நகலெடுப்பது அவர் வேலை. தலைமை வரைவாளர் க்ரோசியரிடம் மூன்று முறை போய்ச் சொன்னார். மூன்றாம் முறை கிடைத்த பதில் இது: "வந்தத அப்படியே வரைம்மா. சூரியன மேல இருக்கறவங்க பாத்துக்குவாங்க."

மேவிஸ் என்ன செய்தார்? நகலெடுத்த துணியைப் புரட்டிப் போட்டார். மறுபுறம் தெரிந்த கோடுகளின் மேல் புதுத் துணி விரித்தார். மறுபடி வரைந்தார். தெற்கு வடக்கானது, வடக்கு தெற்கானது. தட்டிகள் வெயிலுக்கு வந்தன, தெருவைப் பார்க்க வேண்டிய வாசல் கடலுக்குப் போனது. க்ரோசியர் பார்க்காமலே கையெழுத்திட்டார்!

அவர் விழித்துக்கொண்டபோது மூன்று மாடி எழுந்துவிட்டது. குளுமைக்குப் புகழ் அவருக்கு. வாசலுக்குப் பழி மேவிஸுக்கு. 'கவனக்குறைவு' என்று பதிவேட்டில் எழுதி, வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லால் எந்த வரைமேசையும் அவரைச் சேர்க்கவில்லை. முப்பது ஆண்டு மீன் டப்பாக்களில் காகிதம் ஒட்டினார்.

ஆதாரம் கேட்பீர்கள். இடிக்கும் முன் நிலவறையைக் காலி செய்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு துணிகளும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. ஓரத்தில் பென்சிலில் சின்னதாய் ஒரு சூரியன், பக்கத்தில், "வேண்டுமென்றே புரட்டினேன். மே. ட்ரெ." கவனமில்லாதவர் கையெழுத்துப் போட்டு வைப்பாரா?

துணியோடு அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் பின்னால் போய்விடும் என்று தெரியாதா என்று கேட்டேன். "தெரியாமலா? வாசலுக்குச் சுத்தி நடந்து போயிடலாம். வெயில எங்கம்மா நகத்தி வைக்கறது?"

தொண்ணூறு வயது மேவிஸ் இதோ, இரண்டாம் வரிசையில். பேசாதே என்று இருமுறை தடுத்தார், நான் கேட்கவில்லை. அந்த வரியை அழித்துவிட்டு அவர் பெயரைப் பொறிக்கச் சம்மதமா? கை உயர்த்துங்கள்! முன்வரிசை... நடு... கடைசி... தலைவர் அவர்களே, உங்கள் கையுமா! டாக்கர்ட்டி ஐயா, ஒரு கை போதும்.

மேவிஸ் அம்மா, அவை கேட்கிறது. கல்லில் வேறென்ன எழுதலாம்?

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, அவர் சொன்னதை நான் சொல்கிறேன். "பேரு போதும். ஆனா எழுத்த வடக்கப் பாத்து வைங்க. தெக்கப் பாத்து வெச்சா, படிக்கறவங்க மூஞ்சில வெயில் அடிக்கும்."

இதற்கு மேல் நான் பேசினால்தான் பிழை. செவி தந்த சபைக்கும், கை தந்த ஊருக்கும் என் நன்றி. வணக்கம்.