நெற்றியில் ஓர் அம்பு

பயிற்சி டாக்டர்: மெதுவாப் பேசுங்க சிஸ்டர். துணிக்கு அடியில அவங்க முழிச்சுக்கிட்டுதான் இருக்காங்க.

சிஸ்டர்: உங்க மூச்சு சத்தத்துக்கு என் பேச்சு ஒண்ணும் பெருசில்ல. கை நடுங்குதே...

பயிற்சி டாக்டர்: நடுங்கலை.

சிஸ்டர்: சரி, மேஜைதான் ஆடுது போல.

பயிற்சி டாக்டர்: ஆட்டுக் கண்ணுல நாப்பது தடவை பண்ணிப் பாத்திருக்கேன். ஒரு ஆடு கூட குறை சொன்னதில்லை.

சிஸ்டர்: அதுக்கு வாயிருந்தா தெரிஞ்சிருக்கும்.

தையல்காரம்மா: டாக்டரம்மா... ஆரம்பிச்சாச்சா?

பயிற்சி டாக்டர்: இன்னும் இல்லம்மா. அசையாம படுத்திருங்க. பயமா இருக்கா?

தையல்காரம்மா: இருக்கு. உங்களுக்கு?

பயிற்சி டாக்டர்: எனக்கென்னம்மா... தினமும் பண்றதுதானே.

சிஸ்டர்: பைல்ல இருக்கற பேரு, கண்ணு, லென்ஸ்... மூணையும் சத்தமாப் படிச்சிடலாமா?

பயிற்சி டாக்டர்: வேண்டாம்னு சொன்னேனே சிஸ்டர். கடைசியில ‘ஆபரேஷன் செய்பவர், பயிற்சி டாக்டர்’னு வரும். அது அவங்க காதுல விழணுமா?

சிஸ்டர்: படிக்காம நான் கத்தியைக் கையில குடுக்கக் கூடாது...

பயிற்சி டாக்டர்: பெரிய டாக்டர் கை கழுவிட்டு வரட்டும். அதுக்குள்ள மைக்ரோஸ்கோப்பை சரி பண்ணிடறேன்... இருங்க. கண்மணி விரியவே இல்லையே. சொட்டு மருந்து விட்டீங்கதானே?

சிஸ்டர்: மூணு தடவை. நானே விட்டேன்.

பயிற்சி டாக்டர்: எந்தக் கண்ணுல?

சிஸ்டர்: வலது கண்ணுல.

பயிற்சி டாக்டர்: சிஸ்டர்... இது இடது.

சிஸ்டர்: எந்தக் கண்ணுன்னு காட்ட நெத்தியில வரைஞ்ச அம்பு இந்தப் பக்கம்தானே இருந்தது. அதைப் பாத்துத்தான் துணியைப் போட்டேன்.

பயிற்சி டாக்டர்: அம்பு போட்டதும் நீங்கதானே?

சிஸ்டர்: நான் வலது பக்கம்தான் போட்டேன். சத்தியமா. அம்போட வால்ல ஒரு புள்ளி வைப்பேன், இருபது வருஷப் பழக்கம். துணியைத் தூக்கறேன், பாருங்க.

பயிற்சி டாக்டர்: புள்ளி இல்லை.

சிஸ்டர்: வலது பக்கம் அழிச்ச கறை இருக்கு டாக்டர்...

தையல்காரம்மா: என்னாச்சும்மா?

பயிற்சி டாக்டர்: ஒண்ணுமில்லம்மா... சிஸ்டர், பைலைப் படிங்க. சத்தமாவே.

சிஸ்டர்: ‘வலது கண்ணில் புரை. இடது கண்ணில் நரம்பு செயலிழந்துள்ளது. பார்வை திரும்பாது.’

பயிற்சி டாக்டர்: அப்போ இவங்களுக்கு இருக்கறதே ஒரு கண்ணுதானா? இந்த மாதிரி ஆளுங்களைப் பயிற்சியில இருக்கற நாங்க தொடவே கூடாதே. கேஸ் கெடைச்சாப் போதும்னு பைலைக் கூடப் புரட்டாம கேட்டு வாங்கிட்டேன்... எனக்குக் கத்தியைக் குடுக்காதீங்க சிஸ்டர்.

சிஸ்டர்: தள்ளி நில்லுங்க. பெரிய டாக்டரைக் கூப்பிடறேன்.

பயிற்சி டாக்டர்: கூப்பிடுங்க. படிக்க வேண்டாம்னு தடுத்தது நான்னு சொல்லிடுங்க... இல்ல, நானே சொல்றேன். அம்மா, உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும். தினமும் பண்றேன்னு சொன்னது பொய். இதுதான் எனக்கு முதல் ஆபரேஷன்.

தையல்காரம்மா: தெரியும்மா. காலையில வெளிய நான் உக்காந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்துல நின்னு, முதல் ஆபரேஷன்னு உங்க அம்மாகிட்ட போன்ல அழுதீங்களே...

பயிற்சி டாக்டர்: கேட்டுட்டீங்களா... அப்புறம் ஏன் எழுந்து போகலை? அந்த அம்பை யாரு மாத்தினது?

தையல்காரம்மா: நான்தான். ஈரக் கைக்குட்டையால அழிச்சுட்டு... சிஸ்டர் பேனாவை மேஜை மேலயே விட்டுட்டுப் போயிருந்தாங்க.

சிஸ்டர்: ஏம்மா இப்படிப் பண்ணீங்க? ஒரு நிமிஷம் தவறியிருந்தா...

தையல்காரம்மா: மிச்சம் இருக்கறது ஒரு கண்ணுதானே, பயந்துட்டேன். அழற பொண்ணை வேண்டாம்னு சொல்லவும் மனசு வரலை. என் கடைக்குப் புதுசா தையல் கத்துக்க வர்றவங்க கையில எடுத்ததுமே நல்ல துணியைக் குடுக்க மாட்டேன்மா. கழிச்சுப் போட்ட துண்டைத்தான் குடுப்பேன். இடது கண்ணு எப்படியும் வீண்தானே... நீங்க அதுல வெட்டிப் பழகிக்கலாமேன்னு பாத்தேன்.