மார்க்கண்டற்றை மூக்கு

— உது மூக்கில்லை, மனேச்சர் அண்ணை. முருங்கைக்காய். இன்னொருக்காக் கீறுங்கோ.

— ஏழாவது தரம் கீறுறன், அருமைநாயகி. இந்த இடக்கை சொல்லுக் கேக்குதில்லை.

— கேக்கும், கேக்கும். வலக்கை மணிக்கட்டோடை போய் ஒரு மாதம்தானே. நான் மருந்து கட்டுற இந்த ஆசுப்பத்திரி வாட்டிலை மற்றவை எல்லாம் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கினம். நீங்கள் ஒருதர்தான் பென்சில் கேட்டனீங்கள். டொக்டரே அதிசயப்பட்டவர்.

— இடக்கையைப் பழக்கச் சொன்னதும் அவர்தானே. கூப்பன் சாமான் குடுக்கிற சங்கக்கடை மனேச்சர் கையெழுத்தாவது வைக்கவேணுமே.

— அதுக்குத்தான் பேப்பரிலை வாற குடை மார்க்கண்டர். அவரைக் கீற வந்திட்டால் கையெழுத்தெல்லாம் தானா வரும். இஞ்சை பாருங்கோ. மூக்கிலை தொடங்கி ஒரே இழுவை. பிறகு மீசை. பிறகு கக்கத்துக்கை அந்த விரிக்காத குடை.

— அச்சொட்டா அவர்தான்! உந்த நடையைப் பாரும். ஆரிட்டைப் பழகினனீர்?

— ஆரிட்டைப் பழகிறது? பேப்பரிட்டைத்தான். ஞாயிறு ஞாயிறா அவரை வெட்டியெடுத்துச் சேத்து வைச்சனான். பத்து வருசக் கட்டு. அச்சுவேலியிலை இருந்து சண்டைக்குள்ளை உடுத்த சீலையோடை ஓடிவரேக்கை அது வீட்டோடை போயிட்டுது. நகை போனதுக்கு நான் அழேல்லை அண்ணை. உதுக்கு அழுதனான்.

— ஒரு பகிடிப் படத்துக்கோ?

— பகிடிப் படமோ? எங்கடை ஐயா செத்து எட்டாம் நாள், அம்மா முதன்முதல் சிரிச்சது அவரைப் பாத்துத்தான். மழை அடிச்சு ஊத்துது. மனிசன் குடையைக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு நனைஞ்சு நனைஞ்சு சந்தைக்குப் போறார். ஏன் விரிக்கேல்லை எண்டு கேட்டால், குடை நனைஞ்சிடுமாம்! அதைக் கீறின கைக்குத் தங்கக் காப்புப் போடலாம். கட்டுப் போன பிறகு, நினைவிலை கீறிக் கீறித்தான் நான் அவரைத் திருப்பி எடுத்தனான். என்ன அண்ணை, கண் கலங்குது? கை நோகுதோ?

— இல்லைப் பிள்ளை. உந்த டெற்றோல் மணம்.

— சரி, கீறுங்கோ. ஐயோ, திரும்பவும் குடையிலை தொடங்கிறியள்! மூக்கெல்லோ முதல்?

— அவரைக் கீறுறவர் குடை நுனியிலைதான் தொடங்கிறவர். குடையின்ரை சரிவிலைதான் ஆளின்ரை நடை இருக்கு.

— அவர் தொடங்கிறது சங்கக்கடைக்கு எப்பிடித் தெரியும்?

— ஆரோ சொன்னவை.

— அப்பிடியோ. அந்த ஆளுக்கும் என்னவோ நடந்திட்டுது போலை. நாலு ஞாயிறா மார்க்கண்டரைக் காணேல்லை. தாள் இல்லாமல் பேப்பரையே பள்ளிக்கூடக் கொப்பித் தாளிலை அடிக்கிற காலம். எண்டாலும் அவற்றை படம் வாற பெட்டியை வெறுமையா விட்டு வைச்சிருக்கினம். என்ன மரியாதை!

— கனநாளைக்கு விடமாட்டினம். இந்த வெள்ளிக்குள்ளை படம் போகாட்டில் அதிலையும் மரண அறிவித்தல் வந்திடும். நீர் கீறிக் குடுமன். ஆருக்கும் வித்தியாசம் தெரியாது.

— நானோ? அவர் இதுவரைக்கும் நடந்ததைத்தான் எனக்குக் கீறத் தெரியும். நாளைக்கு என்ன சொல்லுவார் எண்டு அவரைப் பெத்தவருக்கெல்லோ தெரியும்.

— பெத்தவருக்கு ஏலாமல் போயிருந்தால்? கோணல்மாணலா ஒண்டு வந்தால் சனம் இரக்கப்பட்டுச் சிரிக்கும், அருமைநாயகி. மார்க்கண்டரைப் பாத்து இரக்கப்பட்டு! அதைவிட வெறும் பெட்டி நல்லம்.

— கோணல் எதாலை வருகுது எண்டு நானும் மூண்டு நாளாப் பாக்கிறன். நீங்கள் அவரை இடப்பக்கம் பாக்க வைக்கிறியள். இடக்கை இழுவை அந்தப் பக்கம் வளையாது. வலப்பக்கம் திருப்பி விடுங்கோ.

— விசர்க்கதை. மார்க்கண்டர் எந்த நாளும் இடப்பக்கம்தான் நடக்கிறவர். சந்தை அங்கைதான்.

— பத்து வருசமாச் சந்தைக்குப் போனபடி. பாவம், ஒரு நாளாவது வீட்டை திரும்பி வரவேண்டாமோ?

— வீட்டை வாறதெண்டால்... இந்தத் தாளை மற்றப் பக்கம் திருப்பும்.

— என்ன யோசினை? தொடங்குங்கோ. குடை நுனியிலையே தொடங்குங்கோ.

— பொறும். கதையாதையும். இந்தக் கால்... இனி மீசை... இந்தாரும்.

— கடவுளே, வாறார்! அதே மூக்கு. அதே நடை. பையிலை என்ன அண்ணை, ஒண்டையும் காணேல்லை?

— சந்தையிலை ஒண்டுமில்லை. வெறும் பையோடை வாறார். வாசல்லை நிண்டு மனிசியிட்டைச் சொல்லுவார்: "சாமான் இல்லை. ஆனால் குடை நனையேல்லை."

— ஐயோ, அண்ணை! எனக்குச் சிரிச்சு வயிறு நோகுது. பாருங்கோ, அடுத்த கட்டில்காரரும் எட்டிப் பாத்துச் சிரிக்கிறார். உது இரக்கச் சிரிப்போ? இல்லை. அவரேதான். சரி, கீழை பேரைப் போடுங்கோ.

— சங்கக்கடை மனேச்சற்றை பேர் உதிலை என்னத்துக்கு?

— மனேச்சரை விடுங்கோ. உங்கடை தலைமாட்டிலை தொங்கிற சீட்டிலை முதல் நாளே நான் வாசிச்ச பேர், பத்து வருசமா மார்க்கண்டற்றை காலடியிலை இருந்த பேர், அதைப் போடுங்கோ, ஆழ்வாப்பிள்ளை அண்ணை.