ஒரே சீப்பு

இருங்கக்கா, கதவத் திறக்காதீங்க. சாவி என்கிட்டதான் இருக்கு, எங்க போயிடப்போகுது? இப்படிப் படியிலயே உக்காருங்க. அந்தக் கூடையக் கீழ வைக்காதீங்க, மடியிலயே இருக்கட்டும். கால்மிதியில வேண்டாம்னு சொல்றேன்ல!

நாளைக்குத்தானே வர்றதா சொன்னீங்க? சரி சரி, உங்க வீடு, எப்ப வேணாலும் வரலாம். நான் என்ன கேக்குறது.

மேல் வீட்டு டீச்சர் வெளியூர் போனா அவங்க பூனைக்கும் நான்தான் சாப்பாடு வைப்பேன், தெரியும்ல? உங்க வீடு, டீச்சர் வீடு, தையல்காரர் வீடு, மூணு பூனை. போன திங்கக்கிழமை டீச்சரோடது சாப்பாட்ட மோந்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. திமிர்னு நெனச்சேன், டீச்சர் வளத்த பூனையாச்சே! மறுநாள் மஞ்சளா வாந்தி. தண்ணிக் கிண்ணத்து மேலயே தலையத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கு, ஆனா குடிக்கல. தூக்கிட்டு ஓடினேன்.

வைரஸாம், டாக்டர் சொன்னாரு. மனுஷங்கள ஒண்ணும் பண்ணாதாம், பூனைக்குப் பூனை தொத்திக்குமாம். இதுங்க ஒண்ண ஒண்ணு பாத்ததே இல்லியே சார்னு கேட்டேன். அவரு என் இடுப்புல செருகியிருந்த சீப்பையே பாத்தாரு. ஆமாக்கா, மூணுத்துக்கும் அதே சீப்புதான். வேற பூனை வாசனை இருந்தா சொக்கிப்போய் சீவ உடம்பக் குடுக்குமேன்னுதான். சோப்புப் போட்டுக் கழுவாம இல்ல. சோப்புக்கெல்லாம் அது சாகாதாம். துணி, செருப்பு, கால்மிதின்னு ஒட்டிக்கிட்டு ஒரு வருஷம்கூடக் கெடக்குமாம். பிளீச்சிங் தண்ணியில பத்து நிமிஷம் ஊறணுமாம். எனக்கு யாரு சொன்னா?

டீச்சர் பூனை புதன்கிழமை போயிருச்சு. தையல்காரரோடது முன்னாடியே தடுப்பூசி போட்டது, தப்பிச்சுக்கிச்சு. உங்க பூனை மிளகுக்கு அடுத்த மாசம் போட்டுக்கலாம்னு சொன்னீங்க... குத்திக்காட்டலக்கா. நான் யாரு குத்திக்காட்ட.

கூடைக்குள்ள குட்டிதானே? சத்தம் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. மிளகுக்குத் துணைக்கா? அய்யோ. மூடிய அழுத்திப் பிடிங்க, என் பக்கம் நீட்டாதீங்க. பூனை இல்லாத வீடா பாத்து, இப்படியே கொண்டுபோய் விட்டுருங்க. ஊசி போடுற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்.

உள்ள தரை பூரா பிளீச்சிங் ஊத்தியிருக்கேன், அதான் கண்ணு எரியுது. வேற ஒண்ணுமில்ல.

நேத்து மிளகு படம் கேட்டீங்கல்ல, அனுப்பினேன். எவ்வளவு சமத்தாத் தூங்குதுன்னு பதில் போட்டீங்க. படம் எடுக்கும்போதே அது உடம்பு சில்லுன்னு இருந்துச்சுக்கா.