மாடியில் ஒரு தேர்தல்

முன்னிலை வகிக்கும் மூத்தோரே, முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, கதவோரம் நிற்கும் இளைஞர்களே, நம் பிரிக்பீல்ட்ஸ் நலச் சங்கத் தலைவர் திரு. கார்த்திகேசு அவர்களே! படிக்கட்டுக்குக் கீழே சக்கர நாற்காலியில் காத்திருக்கும் செயலாளர் வேட்பாளர் தனலெட்சுமி அவர்களே!

கீழே இருப்பவரை ஏன் விளிக்கிறேன் என்று தலைவர் பார்க்கிறார். ஒலிபெருக்கி அவர் காது வரை போகிறது ஐயா. படிக்கட்டுதான் அவரை இங்கே விடவில்லை.

வாக்களிப்புக்கு முன் வழக்கறிஞர் மார்க்கிரட் மனித உரிமை பற்றிப் பேசட்டும் என்றீர்கள். பேசுகிறேன். சில நாடுகளின் சட்டத்தில் இப்போது 'நியாயமான ஏற்பாடு' என்றொரு கோட்பாடு இருக்கிறது. உடற்குறையுள்ள ஒருவர் மற்றவரைப்போல் பங்குபெற வேண்டுமா? வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொடு. தாங்க முடியாத சுமை என்றால் மறுக்கலாம். சுமையே இல்லாதபோது மறுத்தால் அது பாகுபாடு. நம் நாட்டில் அது இன்னும் எழுதப்படவில்லை. எழுதும்வரை நாம் கைகட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

கூட்டத்தில் இருப்பவர் மட்டுமே போட்டியிடலாம் என்பது நம் விதி. போன ஆண்டு தனலெட்சுமியை எப்படி வரவேற்றோம்? மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம், வாலிபர்கள் நாற்காலியோடு தோளுக்குத் தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் மூச்சு வாங்க இறக்கி வைத்தார்கள். விலகிய சேலையை இழுத்துக்கொண்டு அவர் தலைகுனிந்திருந்தார். நாமோ கைதட்டினோம்! அன்பினால்தான் தட்டினோம்.

இந்த ஆண்டும் வாலிபர்கள் தயாராக வந்தார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். கோபமா என்று கேட்கப் போனேன். ஸ்காட் ரோட்டில் தட்டச்சு வகுப்பு நடத்துபவர், வார்த்தையை வீணாக்காதவர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

"சாமி மாதிரி தூக்கிட்டுப் போறாங்க அக்கா. சாமிக்கு யாரு ஓட்டுப் போடுவா? கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. நான் வேலை கேட்டு வந்திருக்கேன் லா."

அதனால் கேட்கிறேன்: கூட்டத்தையே கீழே நடத்துவோம்.

பின்வரிசையில் ஒருவர், கீழே இடம் ஏது என்கிறார். நல்ல கேள்வி. நம் ஜெயராஜ் தம் சாப்பாட்டுக் கடையில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டார். மின்விசிறியா? அங்கேயும் சுற்றுகிறது. தேநீரா? அங்கிருந்துதானே அம்மா மேலே வருகிறது!

எது தாங்க முடியாத சுமை, தலைவர் அவர்களே? படி இறங்குவதா? பழக்கத்தை விடுவதா? ஒரு பெண் தன் சொந்தச் சக்கரத்தில் வந்து, உங்கள் கண்ணைப் பார்த்து வாக்குக் கேட்பதா? அவர் தோற்கலாம். தோற்கட்டும்! தோற்பதற்கும் போட்டியில் இருக்க வேண்டுமே!

தலைவர் தலையசைத்துவிட்டார். நன்றி ஐயா. பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. இளைஞர்களே, தூக்கியே தீரவேண்டும் என்றால் இந்த மண்டபத்து நாற்காலிகளைத் தூக்குங்கள்.

வணக்கத்தைக் கீழே வந்து சொல்கிறேன்.