கொக்குத் தட்டின் ஒன்பதாவது நிமிடம்

"ஹலோ... ஹலோ! ஜேடர்பாளையம் மில்லு ஊடுங்களா?... ஆமாங்க, மேட்டூர்ல இருந்து அர்த்தநாரி பேசறனுங்க... ஆரு, செங்கோட்டையனா? நல்லதாப் போச்சு சாமி, போனை வெச்சறாதே... ஆமா, ஆமா, ராசப்பன் போயிட்டான்னு தந்தி வந்துது... தென்னை மரத்துல இருந்தா உழுந்தான்?... குழாய் கட்டறப்பவா?... ம்... ம்... சரி. எப்ப எடுக்கறாங்க?... மூணு மணிக்கேவா?"

கிளப் கடிகாரத்தில் இரண்டு பத்து. மேட்டூரிலிருந்து பவானி, அங்கிருந்து ஈரோடு, அப்புறம் ஜேடர்பாளையம். பஸ் பறந்தே போனாலும் ஐந்து மணிக்கு முன்னால் போய்ச் சேராது. அர்த்தநாரிக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. அவசர டிரங்க் கால் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

"இந்தா பாரு செங்கோட்டா. அங்க இப்ப என்ன ஓடுது?... ஒப்பாரித் தட்டா? நிறுத்து... நிறுத்துங்கறேன். உன்ற மொதலாளி உங்கிட்டச் சொல்லலையா, எனக்குன்னு சாவு வந்தா கொக்குத் தட்டுத்தான்னு?... சொன்னானல்ல? பின்னே?... தட்டு எங்கிட்டத்தான் இருக்குது. நான் வர முடியாது, பாட்டு வரும். இந்தப் போன்லயே போடறேன், நீ மைக்கை வெய்யி."

ராசப்பன் ஜேடர்பாளையத்தில் மைக் செட் வைத்திருந்தவன்; செங்கோட்டையன் அவனிடம் வேலை பார்க்கும் பையன். ஆறு வருஷத்துக்கு முன்னால், கம்பெனி கிளப் ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வந்தான். கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் அர்த்தநாரி, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார என்ஜினியர் விட்டுப்போன இசைத்தட்டு ஒன்றைச் சும்மா போட்டார். அட்டையில் செம்பாறை மேல் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்திரண்டு நிமிடம். கிளப்பில் இருந்த மற்றவர்களெல்லாம் ஈயம் பூசுகிறவன் பட்டறையை உருட்டிவிட்டாற்போல இருக்கிறது என்று எழுந்து ஓடினார்கள். ராசப்பன் மட்டும் கையில் வயரோடு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "ஒரே பாட்டுக்குள்ள ஒம்பது ஊருக்குப் போயிட்டு வாரானுங்ணா!" என்றான். அன்றிலிருந்து மாதத்தில் முதல் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவான். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை இங்கிலீஷ் புரியாது. அதனால் என்ன குடி முழுகிப் போயிற்று?

ஒன்பதாவது நிமிடத்தில் எல்லாம் பட்டென்று நின்றுவிடும். பன்னிரண்டு எண்ணும் வரை ஒரு சத்தம் இருக்காது. புதிதாகக் கேட்கிறவர்கள் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுவார்கள். ராசப்பன் அப்போது ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவான். "இருங்க, இன்னும் முடியல." அதற்குப் பிறகு கித்தார் ஒன்று தனியாக, தூங்குகிற குழந்தை எழுந்துவிடுமோ என்கிற மாதிரி மெதுவாகத் தொடங்கும். அந்த இடத்துக்காகத்தான் அவன் அத்தனை தூரம் வந்தான்.

"மைக் வயரு எட்டுதா?... எழவு ஊட்டுக்கு எதிர் ஊடுதான, எட்டும். போனையும் மைக்கையும் சேத்தி ஒரு துண்டுல சுத்து, இல்லீனா கூவும்... ஆமா... ஆரு பேசறது? குமாரசாமி மாமனுங்களா? கும்புடறனுங்க... ஆமாங்க... ஆமாங்க, வெள்ளைக்காரன் பாட்டுத்தானுங்க... சரிங்க, பங்காளிக ஏசத்தான் ஏசுவாங்க... கேலிக்குப் போடலீங்க மாமா, அவன் கேட்டதுங்க... அப்படீனா சௌந்திரத்தைக் கூப்புடுங்க. அது வேண்டாம்னா வெச்சர்றேன்."

சௌந்திரம் ராசப்பனின் மனைவி. அர்த்தநாரி அவளை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறார்.

"அம்மிணி... நாந்தான் அர்த்தநாரி... ம்... ம்... ம்... அழுவு சாமி, அழுவு... என்ன?... இல்லம்மிணி! சத்தியமா இல்ல. இங்க அவனுக்கு எந்தப் பொம்பளையும் இல்ல. மாசாமாசம் இந்தப் பாட்டுக்குத்தான் வந்தான்... இதுக்கேதான்... நீ ஒருக்காக்கூடக் கேட்டதில்லையா?... அடக் கெரகமே, கூட்டிட்டு வந்திருக்கலாமல்லோ அவன்... போடட்டுமா?... முழுசுமா?... சரி அம்மிணி. முழுசும் போடறேன். எதுக்கு வந்தான்னு நீயே கேளு."

ஆறு வருஷமாக ஒரு பெண் மனதுக்குள் இப்படி வெந்துகொண்டிருந்திருக்கிறாள், நாம் இங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தநாரி நினைத்தார். நினைத்தாரே தவிர, அதுவும் எங்கோ தூரத்தில்தான் உறைத்தது. மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்று இடையில் ஆபரேட்டர் குறுக்கிட்டாள்.

"ஆமாங்க ஆபரேட்டரம்மா, நீட்டி உடுங்க... எழவு ஊடுங்க. இனிப் பேச்சு வராது, பாட்டுத்தான் வரும். உங்களுக்குப் புண்ணியமாப் போகுது, பாட்டு கேக்கற வரைக்கும் வெட்டிராதீங்க... ரொம்ப சந்தோசமுங்க... செங்கோட்டா, இருக்கறயா? நடுவுல ஒருக்கா நின்னுரும். முடிஞ்சுதுன்னு மைக்கை எடுத்துறாதே. அங்கதான் அவனுக்கு உசுரே இருக்குது... ஆமா. ஆமா... போடறேன்."

முள்ளை வைத்துவிட்டு, போனைப் பிளேயரின் ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். கேட்கிற முனையில் காதைக் கொண்டுபோனால், பாட்டு ஜேடர்பாளையத்துத் தென்னை மரத்திலிருந்து இன்னொரு முறை திரும்பி வந்தது. கூடவே காக்கைச் சத்தம், பெண்களின் அழுகை. கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கிப்போனது. ஊரே கேட்கிறது போலிருக்கிறது. கேளடா ராசப்பா, உன் குழாயில் உன் பாட்டு என்று சொல்ல வாயெடுத்தார். பாட்டுக்கு நடுவில் பேசினால் அவனுக்குப் பிடிக்காது.

ஒன்பதாவது நிமிடம். எல்லாம் நின்றது.

அர்த்தநாரி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் போனுக்குள் யாரோ மூச்சு விடுகிற சத்தம். ஆறில் ஒரு 'க்ளிக்'. அப்புறம் கொர்ரென்று வெறும் இரைச்சல்.

"ஹலோ... ஹலோ! ஆபரேட்டரம்மா!... செங்கோட்டா!... ஐயோ, ஆபரேட்டரம்மா, வெட்டிட்டீங்களா..."

பாட்டு கேட்கும் வரை என்று சொன்னது அவர் வாய்தான். செங்கோட்டையனுக்குச் சொன்னதை அந்தம்மாவுக்கும் சொல்லியிருக்க வேண்டும். பாவம், பாட்டு நின்றதும் லைனைப் பிடுங்கிவிட்டாள். மறுபடி கால் போட்டால் கிடைக்க அரை மணி ஆகும், மூன்று மணிக்கு அங்கே தூக்கிவிடுவார்கள். சௌந்திரம் இவ்வளவுதானாக்கும் பாட்டு என்று நினைத்திருப்பாள். ஒரு விரலைத் தூக்கிக் காட்ட அங்கே ஆள் இல்லை.

தட்டில் கித்தார் மெதுவாகத் தொடங்கியது. அர்த்தநாரி போனை வைக்கவில்லை. ஸ்பீக்கரோடு ஒட்டியபடியே பிடித்துக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒற்றை விரலைத் தூக்கினார்.

"இரு அம்மிணி... இன்னும் முடியல."