எழுபத்தைந்தைத் தாண்டிய முள்

வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டே முக்கால். பதுளை வீதியில் ஆளில்லை, மாடில்லை, நிழல்கூட இல்லை.

பேய்க்கு இரவுதான் வேண்டும் என்று யார் சொன்னது? இது நம் இஷாமின் மச்சான் றிஸ்லானுக்கு நடந்தது. இஷாம் இதோ, நம்மோடு கதை கேட்டபடி அந்தப் போர்வைக்குள்தான் இருக்கிறான். கேட்டால் ஓம் என்பான்.

றிஸ்லான் ஏறாவூர்க்காரன், நெல் ஏற்றுகிறவன். அவனிடம் பின்னால் திறந்த பெட்டி வைத்த பழைய கெப் ஒன்று இருந்தது, அவனைவிட இரண்டு வயது மூத்தது. பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அதற்குப் பெரிய டயர் நான்கு போட்டான். வண்டி உயர்ந்தது. வேகம் இறங்கியது. சக்கரம் பெரிதானால் அதை உருட்ட எஞ்சினுக்கு மூச்சு வேண்டுமே. முன்பு தொண்ணூறைத் தொட்ட வேகமானி முள், இப்போது எழுபத்தைந்தோடு நின்றுவிடும்.

"ஒனக்கு இனி நாலாவதுதான் கடைசி கியர், மச்சான். அஞ்சாவத வித்திரு" என்றான் டயர் கடை நௌஷாட்.

"முள்ளு பொய் சொல்லுதுடா. டயர் பெரிசு. எழுபத்தஞ்சு எண்டா உண்மையில எண்பத்தஞ்சு" என்றான் றிஸ்லான்.

அன்று வயலில் அவன் வாப்பா மஜீட், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அம்புலன்சுக்கு அடிக்க சிக்னல் இல்லை. தூக்கி முன்சீட்டில் வைத்து, பெல்ட்டைப் போட்டுக் கிளம்பினான். பின்பெட்டி காலி. ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து கிலோமீற்றர்.

ஒரு சின்னப் பாலம் தாண்டியதும்... ஐந்தாம் கியர் இழுக்கவில்லை. நான்குக்கு மாற்றினான். அதுவும் இல்லை. மூன்று. முள் முப்பத்தைந்தில்.

நெல் ஏற்றுகிறவர்களுக்குத் தராசு வேண்டாம், கியரே சொல்லிவிடும். மூன்றாம் கியர் என்றால் முப்பது மூட்டை. கண்ணாடியில் பார்த்தான். பெட்டி காலிதான். பாரம் ஏறினால் முனகும் பின்பக்க வில்லுத்தகடு கிறீச்... கிறீச்... நனைந்த சாக்கு மணம். மழை பெய்து மூன்று மாதம்.

பிறகு தலைக்கு மேல், கூரையில்... டப். டப்.

பெட்டியில் ஏறி வரும் கூலியாட்கள் இறங்க வேண்டிய இடம் வந்தால் அப்படித்தான் தட்டுவார்கள். பத்து வருடப் பழக்கம். கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. ஆள் இறங்கினாற்போல வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிமிர்ந்தது. மறுபடி அக்ஸலேட்டரை மிதித்தான். நாற்பது.

"ஆரு மகன்?"

"ஒருத்தருமில்ல வாப்பா."

"இறங்கட்டும், விடு. இந்தப் பாரத்தோட போனா நான் பாதி வழியில முடிஞ்சிருவன்."

றிஸ்லானுக்குப் பயம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. டப் டப். வேகத்தைக் குறைத்தான். நாற்பத்தாறு. ஒரு மதகடி. டப் டப். ஐம்பத்திரண்டு. ஒரு ஆள் இறங்கினால் முள் இவ்வளவு ஏறாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் எண்ணினான். ஏழு பேர். ஏழாவது இறங்கியதும் ஐந்தாம் கியர் விழுந்தது. எழுபத்தைந்து. அதற்கு மேல் அந்த வண்டியிடம் எதுவும் இல்லை.

செங்கலடிச் சந்திக்குச் சற்று முன்னால் மறுபடி... டப். டப்.

கால் பிரேக்கை அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் பார்த்தான். தட்டியது உள்ளேயிருந்து. வாப்பாவின் கை கூரையிலிருந்து மடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

வாப்பா சீட்டில்தான் இருந்தார். பெல்ட் போட்டபடியே. மூச்சும் வந்தது.

"ஓட்டு மகன்" என்றார். "இப்ப சுகமாக் கிடக்கு."

முள் எண்பத்திரண்டுக்குப் போனது.

மஜீட் பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் வீட்டுக்கு வந்து, சோறு தின்று, செய்தி பார்த்து, டயர் போட்டதற்காக மகனை ஏசினார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். றிஸ்லானும் சிரித்ததாகத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த மாதம் கிளினிக்குக் கூட்டிப் போனான். பெயர் கூப்பிட்டார்கள். நேர்ஸ் அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், தராசின் முள்ளை மட்டும் எட்டிப் பார்த்தாள்.

"வாப்பாவ ஏறி நிக்கச் சொல்லுங்க."

றிஸ்லானும் முள்ளைப் பார்த்தான். பூச்சியம்.

"ஏறித்தான் நிக்காரு, மிஸ்."